தரை பிடித்தவர்கள்

ஒத்திகை நாளன்று ஊத்துப்பாறைக் குடியில் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்தும் நாற்பத்தேழு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

வனத்தீ முன்காப்பு வாரியத்தின் திரையில் அவர்கள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். வாரியம் குடியின் ஓரத்தில் நட்டிருந்த கம்பத்தின் உச்சியில் உள்ள கேமரா உடம்புச் சூட்டை வைத்து ஆளை எண்ணும். அடிவாரத்து ஊர்களில் இதே ஒத்திகை நடந்தபோது ஆறே நிமிடத்தில் புள்ளிகள் எல்லாம் ஊரைவிட்டு வெளியே சிதறி ஓடின. இங்கே ஒன்றுகூட அசையவில்லை.

"பவர் பத்தல," என்றார் திட்ட இயக்குநர் வசந்தகோபால். "சுத்திப் பாறை. பாறை சத்தத்தைத் தின்னுடுது. தர்ஷினி, நீங்க மேல போய் அளந்து பாத்துட்டு வாங்க."

தர்ஷினி தலையாட்டினாள். கூட்டங்களில் அவள் பெரும்பாலும் தலையாட்டுவதோடு சரி. பேச எழுந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். இயற்பியல் முடித்துவிட்டு வாரியத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் கம்பங்களின் நிலை அட்டவணை முழுக்க அவள் எழுதியது. முதல் நிலையில் மனம் நிலைகொள்ளாது. இரண்டில் மயிர் கூச்செறியும். மூன்றில் கால் தானாக ஓடத் தேடும். நான்கும் ஐந்தும் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டன. ஐந்தை அவள் தன் மேலேயே பதினோரு விநாடி வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கினாள்.

மலைக்கு ஜீப் ஓட்டி வந்தவர் மொக்கைச்சாமி. அடிவாரத்து மந்தைப்பட்டிக்காரர். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கம்பத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒரு சத்தம்ண்ணே. காதுக்குக் கேக்காது. யானைங்க ரொம்பத் தூரத்துல இருந்து பேசிக்குமே, அந்த மாதிரி. நெஞ்சுக்கூட்டையும் கண்ணு முழியையும் அதிர வைக்கும். எதனால அதிருதுன்னு மூளைக்குத் தெரியாது. தெரியாததால பயம்னு எடுத்துக்கும்."

"அதுக்கு ஒரு சைரன் வச்சா ஆகாதா?"

"வச்சாங்களே. சித்தாத்து வெளிங்கிற ஊர்ல தீ வந்தப்ப இருபது நிமிஷம் சைரன் அடிச்சுச்சு."

அங்கே பத்தொன்பது பேர் இறந்தார்கள். ஆட்டை அவிழ்க்கப் போனவர், ரேஷன் கார்டு எடுக்கத் திரும்பியவர், காற்று அந்தப் பக்கம்தானே என்று டீயை முடித்துவிட்டு எழுந்தவர். ‘மக்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது, பயம் கிடைக்கவில்லை’ என்று விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலிருந்துதான் திட்டம் பிறந்தது. இருநூறு கம்பங்கள் நட்டாயிற்று. இன்னும் ஆயிரம் நடவேண்டும்.

"எங்க ஊர்ல மூணு தடவ ஓடிட்டோம்," என்றார் மொக்கைச்சாமி. "மொதத் தடவ என் வீட்டுக்காரி மாவாட்டிக்கிட்டு இருந்தா. மாவுக் கையோட ஓடி பஸ் ஸ்டாப்புல போய் நின்னா. இப்ப பக்கத்து வீட்டுல கிரைண்டர் போட்டாலே அவளுக்கு நெஞ்சு அடைக்குது. அவளை விடுங்க. எனக்கு லாரி ஹாரன் கேட்டாலே காலு பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலேட்டருக்குப் போகுது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தர்ஷினி ஜீப்பின் கைப்பிடியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊத்துப்பாறைக் குடி மலையின் நடு இடுப்பில் ஒரு தட்டையான இடத்தில் இருந்தது. அரசு கட்டிக்கொடுத்த பதினாறு காரை வீடுகள். மேற்கே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதரும் காய்ந்த புல்லும். அந்தப் பக்க ஓரத்தில் கம்பம். கிழக்கே பத்து நிமிட நடையில் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் புல் பூண்டு இல்லாத பெரும் பாறை. பங்குனி வெயில் எல்லாவற்றையும் அப்பளம் போல் மொரமொரக்க வைத்திருந்தது.

ராக்கம்மா அவளைத் தன் வீட்டு நிழலில் உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோடையில் வனத்துறைக்குத் தீக்காவல் வேலை பார்ப்பவள், மற்ற நாளில் தேனும் கடுக்காயும். அவள் புருசன் குருவன் பக்கத்தில் குந்தி அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏந்தாயி," என்றான் குருவன். "ஆளுகளைப் பயமுறுத்துறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா?"

"அப்படித் தனியா இல்லைண்ணே. பொதுவா ஒலி பத்திப் படிச்சேன். அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருசமா. எங்க வீட்டுல இவ பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. ஒரு பார்வை பாத்தான்னா நான் ஓடைக்கு அங்கிட்டுப் போய் நிப்பேன்."

"போய் என்னத்த நின்னீங்க," என்றாள் ராக்கம்மா. "சோத்து நேரத்துக்கு வந்து நின்னீங்க."

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த தைரியத்தில் கேட்க வந்ததைக் கேட்டாள். "அன்னிக்கு ஒத்திகை அப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையாக்கா?"

"தெரியலையாவா. கொல நடுங்கிப்போச்சு. என் சின்ன மகளுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல."

"அப்புறம் ஏன் ஓடல?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். கேள்வி புரியாதவர்களைப் போலப் பார்த்தார்கள்.

"பயம் வந்தா எதுக்கு ஓடணும்?" என்றான் குருவன்.

ராக்கம்மாதான் விளக்கினாள். மலையில் நடக்கும்போது காரணமே தெரியாமல் பயம் பிடித்தால் தரை பிடிக்க வேண்டும். நின்ற இடத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். யார் பெயரையும் சொல்லக் கூடாது. பயம் தானாக இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும்.

"கரடி கிட்டக்க இருந்தாலும் இப்படித்தான் மனசுக்குத் தோணும். யானை நின்னாலும் தோணும். எங்கிட்டு நிக்குதுன்னு தெரியாம ஓடுனா நேரா அது மேலயே போய் விழலாம். எங்க சின்னையா அப்படித்தான் ஓடுனாரு. கெடங்குப் பள்ளத்துல கெடந்தாரு, மூணாம் நாளு எடுத்தோம்." அவள் காப்பித் தம்ளரைக் கழுவி வைத்தாள். "உங்க கம்பம் வேலை செய்யலைன்னு நெனச்சிராதீங்க. நல்லா வேலை செய்யுது. அதான் ஒருத்தரும் எந்திரிக்கல."

தர்ஷினி கொண்டுவந்த அளவுமானியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கைப்பேசி அந்தக் குடியில் ஓர் இடத்தில்தான் எடுக்கும், தண்ணீர்த் தொட்டி மேல். அவள் ஏறி நின்று வசந்தகோபாலை அழைத்தாள். திக்கித் திக்கிச் சொன்னாள்.

"சரிம்மா," என்றார் அவர். "அப்ப பயம் பத்தலைன்னுதானே அர்த்தம்? ஒரு அளவுக்கு மேல போனா எந்தப் பழக்கமும் நிக்காது. எல்லாருக்கும் இருக்கிறது ஒரே மூளைதான். ஊத்துப்பாறைக்கு மட்டும் அஞ்சு வரைக்கும் திறந்துவிட்டிருக்கேன். நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் தானா ஏறும். ஆளு நகர்ந்தா நிக்கும்."

"சார், நகர மாட்டாங்க. ஏத்த ஏத்த இன்னும்..."

அப்போதுதான் மேற்கே பார்த்தாள். முகட்டுக்குப் பின்னால் வானம் பழுப்பாக இருந்தது. மேகம் என்று நினைத்தாள். அந்த மேகத்துக்கு அடியில் ஒரு சிவப்பு விளிம்பு இருந்தது.

"சார், தீ."

"தெரியுது. சென்சார் இப்பத்தான் காட்டுது. பயப்படாதீங்க, கம்பம் ஆரம்பிச்சிரும்."

தொட்டியிலிருந்து இறங்கும்போதே அடிவயிற்றில் அது வந்துவிட்டது. முதல் நிலை. அவளுக்கு அதன் ருசிகூடத் தெரியும். நாக்கில் செம்புக் காசை வைத்தது போல இருக்கும். இது ஒலி, வெறும் ஒலி, நான் எழுதிய எண் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்வதால் ஒன்றும் குறையவில்லை.

குடி முழுக்க ஒவ்வொருவராக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். விறகு சுமந்து வந்தவள் விறகை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழாயடியில் ஒரு பெண் குழந்தையை மடியில் இருத்தி, அதன் சின்னக் கைகளை எடுத்து ஈரமண்ணில் வைத்தாள். யாரும் கத்தவில்லை. கோழிகள் மட்டும் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

இரண்டாம் நிலை ஏறியபோது ஜீப்பின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மொக்கைச்சாமி வாய் திறந்தபடி, கண் எதையும் பார்க்காமல், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காது. அவர் மூன்று முறை பழகியவர். கம்பம் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

"அக்கா, எந்திரிங்க. இது கரடி இல்ல, யானை இல்ல. தீ வருது. ஓடைக்குப் போகணும்." ராக்கம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். பாறையை இழுத்தது போல இருந்தது.

கண்ணைத் திறக்காமலே ராக்கம்மா சொன்னாள். "பேசாதீங்க. உக்காருங்க."

"புகை வாசனை வரலையா உங்களுக்கு?"

"பயத்துல எல்லா வாசனையும் வரும். உக்காருங்க தாயி."

குருவனிடம் போனாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்கை இரண்டும் மண்ணில் புதைந்திருந்தன. அவனும் எழவில்லை.

மூன்றாம் நிலை எப்போது வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது அவள் மலைப்பாதையில் இருந்தாள். ஒரு செருப்பு இல்லை. முழங்காலில் ரத்தம். குடி பின்னால், மேலே, முந்நூறு அடி தூரத்தில் இருந்தது. அவள் ஓடி வந்திருக்கிறாள். குடிக்கு வெளியே சிக்னல் கிடைத்திருக்க வேண்டும்; கைப்பேசி கையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஜீப்பைத் தவிர புள்ளி ஒண்ணுதான் வெளிய வந்திருக்கு, நீங்களா அது?" என்றார் வசந்தகோபால்.

"சார், நிறுத்துங்க. கம்பத்தை நிறுத்துங்க. நிறுத்தினாத்தான் எந்திரிப்பாங்க."

"தீ வருதுங்கிறீங்க, நிறுத்தச் சொல்றீங்க. உங்களுக்கே மூணு ஏறியிருக்கு, பேச்சு குழறுது. அப்படியே கீழ வந்துருங்க."

இணைப்பு அறுந்தது. அவள் பாதையின் நடுவில் நின்றாள். கீழே போனால் பிழைக்கலாம். கால்கள் கீழேதான் போகவேண்டும் என்றன. உடம்பில் ஒவ்வோர் அணுவும் அதையே சொன்னது. அப்படிச் சொல்ல வைத்தவளே அவள்தான். மேலே நாற்பத்தேழு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். தீ முகட்டைத் தாண்டிவிட்டது. கம்பத்தடியில் இருந்த பேட்டரிப் பெட்டியின் சாவி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓர் அடி மேலே வைத்தாள். உடம்பு திரும்பிக்கொண்டது. இன்னோர் அடி வைத்தாள். மறுபடி திரும்பிக்கொண்டது. மூன்றாவது முறை கால் மடங்கி விழுந்தாள். விழுந்தபோது உள்ளங்கைகள் தரையில் பட்டன.

மண் அதிர்ந்துகொண்டிருந்தது.

கை வழியாக அது தெளிவாகத் தெரிந்தது. தூரத்தில் மாவு மில் ஓடுவது போன்ற ஓர் அதிர்வு. அதுவரை எங்கிருந்து என்று தெரியாமல் நெஞ்சைக் கவ்வியது இப்போது ஓரிடத்திலிருந்து வந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்கு ஒரு திசை கிடைத்தது. மூளை தேடிக்கொண்டிருந்த காரணம் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. ஐந்து வருடப் படிப்பில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

கையை எடுத்தால் ஓடிவிடுவாள் என்று புரிந்தது. எனவே எடுக்கவில்லை. நான்கு காலில், ஒரு கையை எடுக்கும் முன் மறு கையை ஊன்றி, குழந்தை தவழ்வது போல மேலே ஏறினாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே போனாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பம் தீயின் பக்கம் இருந்தது. கம்பத்தை நெருங்க நெருங்கச் சத்தமும் நெருங்கியது, சூடும் நெருங்கியது. எது பொய், எது உண்மை என்று பிரிக்க முடியவில்லை. உள்ளங்கை கிழிந்திருந்தது. கிழிந்தது நல்லதாக இருந்தது. வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

நான்கு வந்தது. பெட்டியைத் தொட்டபோது ஐந்து வந்தது.

அதைப் பற்றி அவளால் பிறகு எவரிடமும் சொல்ல முடிந்ததில்லை. சாவித் துளைக்குள் ஏதோ ஒரு முகம் இருந்தது. அவள் அந்த முகத்துக்குள் சாவியைக் குத்தித் திருப்பினாள். பேட்டரி வயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

வயர் கழன்றது.

முன்பு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஆகவே எந்தச் சத்தமும் நிற்கவில்லை. ஆனால் மலை திரும்பி வந்தது. முதல் தடவையாக அவள் தீயின் சத்தத்தைக் கேட்டாள். மூங்கில் வெடித்தது, புல் சீறியது. அதற்கும் பயம் வந்தது. அந்தப் பயம் எவ்வளவு சின்னது என்று ஆச்சரியமாக இருந்தது. உள்ளே நின்று யோசிக்க இடம் இருந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று அது கேட்டது.

ராக்கம்மா கண்ணைத் திறந்தாள். முகட்டைப் பார்த்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எந்திரிங்க எல்லாரும். ஓடைக்கு. வெரசா."

ஒரு நிமிடத்தில் குடி எழுந்துவிட்டது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. குழந்தைகள் முன்னால், நடக்க முடியாத கிழவர் ஒருவர் மருமகனின் முதுகில். யாரும் எதையும் எடுக்கத் திரும்பவில்லை. தீக்காவல் பார்த்தவர்கள் அவர்கள்; தீயைக் கண்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்தது.

குருவன் மட்டும் எழவில்லை.

"என்னங்க," என்றாள் ராக்கம்மா. பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை மண்ணிலிருந்து எடுத்தாள். கை வந்தது. உடம்பும் கூடவே பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். பாறைக்குப் போய்ச் சேரும்வரை ராக்கம்மா அவன் உள்ளங்கை மண்ணைத் துடைக்க விடவில்லை. "இன்னும் எறங்கல அவருக்கு, எறங்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தீ அவனைத் தொடவே இல்லை.

பதினாறு வீடும் எரிந்தன. ஓடையைத் தாண்டிப் பாறைப் பக்கம் தீ வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக் கூட்டம். நீண்ட மேஜை, குளிர்சாதனம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். வசந்தகோபால் வரைபடத்தைக் காட்டினார்.

"ஒண்ணு நாற்பத்திரண்டுக்கு அஞ்சாம் நிலை. ஒண்ணு நாற்பத்தஞ்சுக்குப் பேட்டரித் தொடர்பு அறுந்திருக்கு, தீயால இருக்கலாம். கேமரா தனி சோலார்ல ஓடுது; அதுல நாற்பத்தாறுக்கு மொத்தக் குடியும் நகருது. அதாவது கீழ் நிலைகள்ல அசையாத ஜனம் அஞ்சுல அசைஞ்சிருக்கு. நாற்பத்தாறு பேர் உயிரோட இருக்காங்க. ஒரு மாரடைப்பு. அதைத் தவிர்த்திருக்க முடியாது."

தர்ஷினி எழுந்தாள். நாற்காலி கீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "சார், தீயால அறுந்து போகல. நான்தான் கழட்டினேன். கழட்டினதாலதான் அவங்க எந்திரிச்சாங்க. குருவன் அண்ணன் அஞ்சாலதான் செத்தாரு."

நடுவில் அமர்ந்திருந்த செயலர் கனிவானவர். "உக்காருங்கம்மா. நீங்க அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"கம்பத்துக்கு அடியில."

"பயமா இருந்ததா?"

"இருந்தது சார்."

செயலர் வசந்தகோபாலைப் பார்த்தார். வசந்தகோபால் ஒரு காகிதத்தை எடுத்தார். எடுக்கச் சங்கடப்பட்டது போலத்தான் இருந்தது. "இது தர்ஷினி எழுதின ஆய்வறிக்கை. பக்கம் நாற்பது. ‘ஐந்தாம் நிலைக்கு உட்பட்டவரின் நினைவும் கணிப்பும் நம்பத்தக்கவை அல்ல. அவர்தம் வாக்குமூலத்தைத் தரவாகக் கொள்ளலாகாது.’"

அவள் எழுதிய வரிதான். நன்றாக எழுதிய வரி.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்றார் செயலர். "ஓய்வு எடுத்துக்குங்க. ஆனா ஒரு விஷயம். அஞ்சுக்கு வர்றதுக்குள்ள பதினாறு நிமிஷம் போயிருக்கு. அது ரொம்பத் தாமதம். மலைக் குடிகளுக்கு இன்னும் கூடுதலா ஒரு நிலை வேணும்னு நினைக்கிறோம். ஆறு. நட வேண்டிய ஆயிரம் கம்பத்துலயும் அது இருக்கணும். கம்பத்துப் பெட்டிக்கு இனிமே கதவும் வேணாம், யாரும் திறக்க முடியாம மொத்தமா அடைச்சிருங்க. உங்களால முடியலைன்னா வேற யாரையாவது வச்சுச் செய்வோம்."

தர்ஷினி நின்றபடியே இருந்தாள். வேற யாரையாவது என்ற சொல் மேஜை மேல் கிடந்தது.

"நானே செய்றேன் சார்," என்றாள்.

அவளுக்கு இரண்டு மாதம் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் முடித்துவிட்டாள். மீதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒரு முறை, குடியை மாற்றி வைத்திருந்த அரசு முகாமுக்குப் போனாள். ராக்கம்மா அவளைப் பார்த்து வாங்க என்றாள். காப்பி கொடுத்தாள். குருவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் கேட்டாள்.

"திரும்ப அங்கனதான் வீடு கட்டித் தர்றாங்களாம். கம்பமும் வருமா?"

"வரும்க்கா."

ராக்கம்மாவின் சின்ன மகள் முகாமின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டில் அது பிடிபடவில்லை போலிருக்கிறது.

செயல்முறை விளக்கம் அதே கூட்ட அறையில் நடந்தது. தர்ஷினி ஒரு சிறிய பெட்டியை மேஜையின் கோடியில் வைத்தாள். புதிய விதியை அவள் விளக்கினாள். "படிப்படியா ஏத்துறதுலதான் நேரம் வீணாகுது. இனிமே மலைக் குடிகள்ல மூணு, நாலு, அஞ்சு வேணாம். இரண்டாம் நிலைக்கு ஒரு நிமிஷத்துல ஆளு நகரலைன்னா நேரா ஆறு."

"நேராவா?" என்றார் செயலர். "தாங்குவாங்களா?"

"தாங்கிக்கிட்டு உக்கார மாட்டாங்க சார். எந்திரிச்சிருவாங்க."

அவளுக்குத் தொண்டை கட்டவில்லை. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"எங்களுக்கு ஒரு பத்து விநாடி காட்டுங்க. ஆறை மட்டும்," என்றார் செயலர். யாரோ சிரித்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் வெளியே போகலாம் என்று தர்ஷினி சொன்னாள். சிரிப்பு நின்றது. இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

அவள் பொத்தானை அழுத்தினாள். பெட்டியில் ஆறு என்ற எண் சிவப்பாக எரிந்தது.

மூன்று விநாடி யாரும் அசையவில்லை. பிறகு செயலரின் கை தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கிடைக்காமல் மேஜை விளிம்பைப் பிடித்தது. எதிரில் இருந்தவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். ஒருவர் எழுந்தார், நாற்காலி விழுந்தது. அவர் கதவை நோக்கிப் போனதும் இன்னும் நான்கு பேர் பின்னால் போனார்கள். வசந்தகோபாலின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. "போதும்," என்றார் அவர். "போதும் தர்ஷினி, நிறுத்து."

அவள் நிறுத்தினாள்.

ஒப்புதல் கையெழுத்துகள் தாழ்வாரத்திலேயே வாங்கப்பட்டன. யாரும் மறுபடி அறைக்குள் வர விரும்பவில்லை. விவரக் குறிப்பில் பதினோரு பக்கம். அதிர்வு வீச்சு என்ற கட்டம் ஏழாம் பக்கத்தில் இருந்தது. ஆறாம் நிலைக்கு நேராக அவள் ஒரு சுழியம் போட்டிருந்தாள். ஆறு வந்தால் கம்பம் ஒன்றும் செய்யாது. முழுக்க அடங்கிவிடும், சற்று முன் மேஜை மேல் அந்தப் பெட்டி அடங்கிக் கிடந்தது போலவே. மலையில் இருப்பவர்கள் கண்ணைத் திறந்து, எந்தப் பக்கம் தீ என்று தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

வசந்தகோபால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோணலாக விழுந்தது. "என்னத்தம்மா உள்ள வச்சிருக்க," என்றார் மெதுவாக. "செத்துட்டேன்னு நெனச்சேன்."

அவர் போன பிறகு தர்ஷினி காலி அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். என்றாவது ஒருவர் ஏழாம் பக்கத்தைப் படிப்பார். அளவுமானியோடு ஒரு கம்பத்தடிக்குப் போவார். அது நாளையாக இருக்கலாம், பத்து வருடம் கழித்தும் இருக்கலாம். அதற்குள் எத்தனை கோடை என்று எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. வயிற்றுக்குள் செம்பு ருசியோடு ஒன்று மெல்ல எழுந்து வந்தது. பெட்டியைப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது.